தவில் அடிக்கும் இடத்தில் பாட்டு கிழிகிறதா? அறிகுறியைப் பார்த்துப் பிழையைப் பிடிக்கும் வழி

திருகோணமலையில் எங்கள் உறவுக்குள் கல்யாண வீடு, பூப்புனித நீராட்டு, கோவில் பொங்கல் என்று எது வந்தாலும் பாட்டுப் போடும் வேலை என்னிடம்தான் வரும். ஒரு லப்டொப், ஒரு சின்ன மிக்சர், வாடகைக்கு எடுத்த அம்ப் (அம்ப்ளிஃபயர்), இரண்டு ஸ்பீக்கர் பெட்டி. அவ்வளவுதான் என் சாமான்.

உப்புவெளியில் சித்தப்பா மகளின் கல்யாணத்தன்று நாதஸ்வர தவில் பதிவு ஒன்றைப் போட்டேன். தவில் ஓங்கி விழும் ஒவ்வொரு தடவையும் தாளைக் கிழிப்பது போல ஒரு சத்தம். சித்தப்பா வந்து, "தம்பி, பெட்டி கிழிஞ்சு போச்சு போல, மாத்திப் பார்" என்றார். பெட்டியை மாற்றினோம், வயரை மாற்றினோம், கிழிசல் போகவில்லை. தாலி கட்டும் நேரம் நெருங்கிய பிறகுதான் பிளேயரைத் திறந்து பார்த்தேன். சத்தத்தைப் பட்டை பட்டையாகப் பிரித்துக் கூட்டிக் குறைக்கும் ஈக்குவலைசரில் 60 ஹேர்ட்ஸ் பட்டை, அதாவது பேஸ், 9 டெசிபல் ஏறி நின்றது. முதல் நாள் இரவு வீட்டுச் சின்ன ஸ்பீக்கரில் பேஸ் போதவில்லை என்று ஏற்றியதை அப்படியே விட்டிருந்தேன். அதை இறக்கியதும் தவில் தவிலாகக் கேட்டது.

அதற்குப் பிறகு இந்தப் பிழை எங்கே கேட்டாலும் நின்று பார்ப்பேன். கிழிகிறது, பொரிகிறது, கரகரக்கிறது, உடைகிறது என்று ஆளுக்கொரு சொல் சொல்வார்கள். சொல்லை விட, அது எப்போது வருகிறது, எதைத் தொட்டால் மறைகிறது என்பதுதான் முக்கியம்.

உள்ளே நடப்பது என்ன

கணினிக்குப் பாட்டு என்பது எண்களின் வரிசை. சிடி தரத்தில் இடது, வலது பக்கம் ஒவ்வொன்றுக்கும் ஒரு நொடிக்கு 44,100 எண்கள். ஒவ்வொரு எண்ணும் −32,768க்கும் 32,767க்கும் இடையில்தான் இருக்க முடியும். அதற்கு மேல் எண்ணே கிடையாது. அந்த உச்சத்துக்குத்தான் 0 டெசிபல் என்று பெயர். அதனால்தான் பிளேயர்களின் மீட்டரில் எல்லா அளவும் கழித்தல் குறியோடு இருக்கிறது.

இப்போது ஒரு தவில் அடியின் உச்சம் 30,000இல் இருக்கிறது என்று வையுங்கள். 6 டெசிபல் ஏற்றினால் எண் ஏறக்குறைய இரட்டிப்பாகும். 60,000 வேண்டும், இருப்பதோ 32,767. கொத்தில் அரிசி அளக்கும்போது கும்பமாக நிற்பதைத் தலை தட்டி வழிப்போமே, அதேதான் இங்கேயும் நடக்கிறது. வட்டமாக எழுந்து விழ வேண்டிய அலை, மேலே மேசை போலத் தட்டையாக நிற்கும். இதுதான் கிளிப்பிங். தட்டையான தலையும் அதன் கூரான ஓரங்களும் பாட்டில் இல்லாத புதிய அதிர்வெண்களைக் கிளப்புகின்றன. காதுக்குக் கிழிசலாகக் கேட்பது அவைதான்.

கண்ணால் பார்க்க விரும்பினால் ஒடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் பாட்டைத் திறந்து, ஒரு தவில் அடியை நன்றாகப் பெருப்பித்துப் பாருங்கள். புள்ளிகள் தெரியும் அளவுக்குப் பெருப்பிக்க வேண்டும். நல்ல பதிவில் அலையின் உச்சியில் ஒரு புள்ளி மட்டும் நிற்கும், இரண்டு பக்கமும் சரிவு. வெட்டுப்பட்ட பதிவில் இருபது புள்ளிகள் ஒரே மட்டத்தில் வரிசையாக நிற்கும். இருபது புள்ளி என்றால் நேரக் கணக்கில் அரை மில்லி நொடி கூட இல்லை. ஆனாலும் காது அதைப் பிடித்துவிடுகிறது. அந்த அரை மில்லி நொடிக்குள்தான் வித்துவானின் விரல் தோலில் பட்ட கணம் இருக்கிறது. நமக்கு வேண்டியதே அதுதான்.

எதையும் கழற்றுவதற்கு முன்

கிழிசல் வரும் பத்து நொடியைத் தெரிவு செய்து, திரும்பத் திரும்பப் போடுங்கள். ஒவ்வொரு தடவையும் அதே அடியில், அதே சொல்லில் கிழிகிறதா? ஆம் என்றால் கிளிப்பிங்காக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. இடம் மாறி மாறி வந்தால் அது வேறு வியாதி. நேரே கடைசிப் பகுதிக்குப் போங்கள்.

அப்புறம் ஈக்குவலைசரை முழுதாக நிறுத்திக் கேளுங்கள். இதில் ஒரு ஏமாற்றம் இருக்கிறது. ஈக்குவலைசரை எடுத்தால் மொத்தச் சத்தமும் குறையும். கிழிசல் மறைந்தது அதனாலா, சத்தம் குறைந்து பெட்டிக்கு ஓய்வு கிடைத்ததாலா என்று தெரியாது. ஆகவே நிறுத்திய பின் அம்பின் திருகாணியைத் திருப்பி, பழைய சத்தத்துக்குக் கொண்டுவந்து கேளுங்கள். அதே சத்தத்திலும் சுத்தமாக இருந்தால் பிழை லப்டொப்புக்குள்ளே. அப்போதும் கிழிந்தால் அம்பையும் பெட்டியையும், இல்லாவிட்டால் ஃபைலையே சந்தேகப்படலாம்.

"ஈக்குவலைசர் போட்டால் கிழியுது, எடுத்தால் சுத்தம்"

பத்தில் ஏழெட்டுப் பேர் என்னிடம் கொண்டுவருவது இதுதான். மருந்து, பிரீஅம்ப் என்று எழுதிய ஸ்லைடர். பெரும்பாலான ஈக்குவலைசர்களில் இடது ஓரத்தில் தனியாக நிற்கும். நம்மவர்கள் பலர் அதை இன்னொரு வொல்யூம் என்று நினைத்து மேலே தள்ளிவிடுகிறார்கள். அது கீழே இறக்குவதற்காக இருக்கும் ஸ்லைடர்.

கணக்கு எளிது. எந்தப் பட்டையை அதிகம் ஏற்றினீர்களோ, அந்த அளவுக்குப் பிரீஅம்பை இறக்குங்கள். பேஸ் 9 ஏறியிருந்தால் பிரீஅம்ப் −9. பக்கத்துப் பக்கத்துப் பட்டைகள் இரண்டு மூன்றைச் சேர்த்து ஏற்றியிருந்தால் அவற்றின் ஏற்றம் ஒன்றோடொன்று கலந்து, ஸ்லைடர் காட்டுவதை விடக் கூடுதலாகும். அப்போது இன்னும் 2, 3 டெசிபல் சேர்த்து இறக்குங்கள்.

ஒரு எச்சரிக்கை. ஸ்லைடரில் எழுதியிருக்கும் எண்ணை எல்லாப் பிளேயரிலும் அப்படியே நம்ப வேண்டாம். வீ.எல்.சி. பிளேயரில் ஈக்குவலைசரை இயக்கும்போது, எல்லாப் பட்டையையும் நடுவில் வைத்து, இயக்கியும் நிறுத்தியும் கேளுங்கள். இரண்டு நிலையிலும் சத்தம் சமமாக இருக்கும் பிரீஅம்ப் இடத்தைக் கண்டுபிடியுங்கள். உங்களுக்கு அதுதான் பூச்சியம். அங்கிருந்து கீழே எண்ணுங்கள்.

ஃபூபார்2000 என்ற பிளேயரின் ஈக்குவலைசரில் தனிப் பிரீஅம்ப் ஸ்லைடரைத் தேட வேண்டாம். எல்லாப் பட்டையையும் சேர்த்து இறக்கினால் அதே பலன்தான். விண்டோஸ் முழுவதற்கும் ஈக்குவலைசர் ஏ.பி.ஓ. என்ற மென்பொருளைப் பயன்படுத்துகிறவர்களுக்கு இன்னும் வசதி. அதன் வரைபடப் பகுதியில் உச்ச ஏற்றம் எத்தனை டெசிபல் என்று அதுவே காட்டும். அந்த எண் 0க்கு மேலே போகாதபடி பிரீஅம்பை இறக்கினால் போதும்.

நான் இப்போது பழகிக்கொண்டது வேறு ஒரு முறை. எதையும் ஏற்றுவதில்லை. பேஸ் 6 கூட வேண்டுமென்றால் மற்ற எல்லாவற்றையும் 6 இறக்குவேன். வளைவின் வடிவம் ஒன்றேதான், பேஸ் மற்றவற்றை விட 6 உயர்ந்து நிற்கும். ஆனால் உச்சி முட்டாது. இன்னொரு நன்மையும் கண்டேன். தகரக் கூரை போட்ட மண்டபத்தில் பேஸ் போதவில்லை என்று நாம் நினைப்பது பல தடவை பேஸின் குறையே அல்ல. 3 கிலோஹேர்ட்ஸை ஒட்டிய பகுதி தகரத்தில் பட்டுக் காதைக் குத்துவதால் மற்றதெல்லாம் மங்கலாகத் தெரிகிறது. மனிதக் காது அந்தப் பகுதியில்தான் மிகக் கூர்மை. அங்கே 4 டெசிபல் இறக்கிப் பாருங்கள். பேஸ் தானாக எழுந்து வரும்.

ஒரே ஈக்குவலைசர் அமைப்பில் பழைய தேவாரப் பதிவு சுத்தமாகக் கேட்டு, புதிய சினிமாப் பாட்டு கிழிவதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். பழைய பதிவின் உச்சம் −8, −10 டெசிபலில் நிற்கலாம். 6 ஏற்றினாலும் இடம் மிச்சம். புதிய பாட்டுகள் பல 0ஐத் தொடும் அளவுக்கு நிரப்பியே வெளிவருகின்றன. அவற்றில் 1 டெசிபல் ஏற்றவும் இடமில்லை. ஆகவே சோதனைக்கு எப்போதும் உங்களிடம் உள்ளதிலேயே சத்தமான பாட்டை எடுங்கள்.

"வொல்யூமைக் குறைச்சாலும் கிழியுது, ஆனா மெதுவாக் கிழியுது"

பாட்டு ஓடும் பாதையை வரிசையாக நினைத்துக்கொள்ளுங்கள். ஃபைல், பிளேயரின் ஈக்குவலைசர், பிளேயரின் வொல்யூம், விண்டோஸ் வொல்யூம், மிக்சர், அம்ப், பெட்டி. ஒரு படியில் குறைத்தபோது கிழிசல் முற்றாக மறைந்தால், வெட்டு அந்தப் படியிலோ அதற்குப் பிறகோ நடக்கிறது. கிழிசலும் பாட்டோடு சேர்ந்து சின்னதாகிறது, ஆனால் போகவில்லை என்றால், வெட்டு அதற்கு முன்பே நடந்து முடிந்துவிட்டது. வழித்த அரிசியைச் சின்னப் பாத்திரத்தில் கொட்டினாலும் வழித்தது வழித்ததுதான்.

இங்கே பலர் கேட்கும் கேள்வி ஒன்று. ஈக்குவலைசர் 9 ஏறியிருந்தும், பிளேயரின் வொல்யூமைக் குறைத்தவுடன் கிழிசல் எப்படி மறைகிறது? இன்றைய பிளேயர்கள் பல, உள்ளே கணக்குப் போடும்போது 32 பிட் மிதவைப் புள்ளி எண்களில் போடுகின்றன. அந்த எண்களுக்கு 0 டெசிபல் ஒரு சுவர் அல்ல. அதைத் தாண்டிப் போன அலையும் முழு வடிவத்தோடு உள்ளே இருக்கும். சவுண்ட் கார்டுக்குக் கொடுக்க முழு எண்ணாக மாற்றும் கணத்தில்தான் தலை வெட்டுப்படுகிறது. மாற்றுவதற்கு முன் குறைத்தால் பாட்டு தப்பிவிடும், மாற்றிய பின் குறைத்தால் தப்பாது. ஆகவே பிளேயர் வொல்யூமைப் பாதியாக்கி ஒரு தடவை, விண்டோஸ் வொல்யூமைப் பாதியாக்கி ஒரு தடவை கேளுங்கள். முன்னதில் மறைந்து பின்னதில் மறையாவிட்டால் பிளேயரின் வாசலிலேயே வெட்டு நடக்கிறது. பிரீஅம்பை இறக்குங்கள், முடிந்தது.

இரண்டிலும் மறையவில்லை, ஈக்குவலைசரும் இல்லை என்றால் ஃபைலே வெட்டுப்பட்டது. ஒடாசிட்டியில் கிளிப்பிங்கைக் காட்டும் தெரிவை இயக்கினால் வெட்டுப்பட்ட இடங்களில் சிவப்புக் கோடுகள் விழும். போனால் போனதுதான். வெட்டுப்பட்ட தலையை ஊகித்து வரையும் ஒரு வசதி அதில் இருக்கிறது, லேசான வெட்டுக்கு உதவும். கோவில் திருவிழாவில் மிக்சரின் லைன் வெளியீட்டை லப்டொப்பின் மைக் துளையில் செருகி எடுத்த பதிவுகள் பெரும்பாலும் இந்த வகைதான். மைக் துளை மிக மெல்லிய சைகைக்காகச் செய்யப்பட்டது, லைன் அளவைத் தாங்காது. அடுத்த தடவை பதியும்போது, தனி ஆவர்த்தனத்தின் உச்சத்தில் மீட்டர் −10 அளவில் நிற்கும்படி வையுங்கள். பதிந்த பிறகு சத்தத்தைக் கூட்டலாம், வெட்டுப்பட்டதை மீட்க முடியாது.

"100ஐத் தாண்டினால்தான் கிழியுது"

வீ.எல்.சி.யில் வொல்யூம் 125 வரை போகும். 100க்கு மேலே உள்ளது பாட்டில் இருக்கும் சத்தம் அல்ல, மென்பொருள் பெருக்கித் தருவது. மெல்லப் பதிவான சொற்பொழிவுக்கு அது உதவும். நிரம்பிய பாட்டுக்கு வெட்டுத்தான். 100க்கு இறக்கி, அம்பைக் கூட்டுங்கள்.

"சில பாட்டு மட்டும்தான்"

கல்யாண வீட்டுப் பட்டியலில் பிள்ளையார் பாட்டு மெல்லமாக ஒலிக்கும். கேட்கவில்லை என்று யாராவது கத்துவார்கள், கூட்டுவோம். அடுத்த சினிமாப் பாட்டு வெடித்துக்கொண்டு வரும். இந்த ஏற்ற இறக்கத்துக்குத் தீர்வாக 2001இல் டேவிட் றொபின்சன் முன்வைத்த முறைதான் ரீப்ளேகெய்ன். ஒவ்வொரு பாட்டும் காதுக்கு எவ்வளவு சத்தமாகக் கேட்கும் என்று அளந்து, எத்தனை டெசிபல் கூட்ட வேண்டும் குறைக்க வேண்டும் என்பதை ஃபைலின் குறிப்பில் எழுதிவைக்கும். பாட்டைத் தொடாது.

ஃபூபார்2000இல் பாட்டுகளை மொத்தமாகத் தெரிவு செய்து ரீப்ளேகெய்ன் அளக்கச் சொல்லுங்கள். முடிவில் உச்ச மதிப்பும் வரும். 1 என்பது முழு உச்சம். எம்பி3 பாட்டுகளில் 1.12 போன்ற எண்ணைக் கண்டால் பிழை என்று நினைக்காதீர்கள். எம்பி3 ஆக்கும்போது அலையின் வடிவம் சிறிது மாறுவதால், திரும்ப விரிக்கும்போது உச்சம் பழைய கூரையைத் தாண்டிவிடும். 1.12 என்றால் சுமார் 1 டெசிபல் வெளியே நிற்கிறது. ஈக்குவலைசரே இல்லாமல் சில பாட்டு மட்டும் லேசாகப் பொரிவதற்கு இது ஒரு காரணம்.

அளந்த பின், கெய்னையும் (அளந்து எழுதிய அந்தக் கூட்டல் குறைத்தலையும்) கொடுத்து உச்சத்தைப் பார்த்து வெட்டையும் தடுக்கும் தெரிவை எடுங்கள். ஆனால் இதை நம்பி ஈக்குவலைசரில் ஏற்றினால் மறுபடி கிழியும். நான் ஒரு முழு மாலை இதில் செலவழித்தேன். ரீப்ளேகெய்ன் வேலை செய்வது ஈக்குவலைசருக்கு முன்னால். பின்னால் நீங்கள் ஏற்றப்போகும் 6 டெசிபல் அதற்குத் தெரியாது. ஆகவே ரீப்ளேகெய்ன் இருந்தாலும் ஈக்குவலைசரின் பிரீஅம்ப் கணக்கு தனியாக வேண்டும்.

"இறக்கினது மட்டும்தான், ஒன்றையும் ஏற்றவில்லை, ஆனாலும் பொரியுது"

இது உண்மையாகவே நடக்கும். ஓர் அலை பல அதிர்வெண்கள் கலந்து உண்டாகிறது. அவற்றில் சில, மற்றவற்றின் உச்சியை அமுக்கிக்கொண்டிருக்கும். அமுக்கியதை எடுத்துவிட்டால் உச்சி எழும். ஏற்கெனவே தட்டையாக வெட்டப்பட்ட சத்தமான பாட்டில் அடி பேஸைக் கழித்தால் இது நன்றாகத் தெரியும். பிரீஅம்பில் 2, 3 டெசிபல் இறக்கினால் சரி.

"கிழியவில்லை, ஆனா பாட்டுக்கு மூச்சு முட்டுது"

இந்தக் குறியைத்தான் மக்கள் கவனிப்பதில்லை, எனக்கு மிகவும் வலிப்பதும் இதுதான். சில பிளேயர்களும் விண்டோஸும் வெட்டு விழாமல் இருக்க லிமிட்டர் ஒன்றை வைத்திருக்கின்றன. உச்சி கூரையை நெருங்கும்போது சட்டென்று சத்தத்தை அமுக்கி, அடி முடிந்ததும் விடும். கிழிசல் கேட்காது. ஆனால் தவில் விழும்போதெல்லாம் நாதஸ்வரம் ஒரு கணம் பின்வாங்கும், அப்புறம் திரும்பி வரும். சுருதிப் பெட்டி அலை போல ஏறி இறங்கும். தவில் அடி, அடியாக இல்லாமல் தட்டலாகக் கேட்கும். தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி போன்ற ஒருவரின் பதிவை இப்படிக் கேட்க நேர்ந்தால், அவர் வாசித்ததில் பாதியைத்தான் கேட்கிறோம். தவிலின் இரண்டு முகங்களில், தொப்பிப் பக்கத்துக் குச்சி அடிக்கும் வலந்தலைப் பக்கத்து விரல் அடிக்கும் உள்ள வித்தியாசம் அந்த முதல் கணத்தில்தான் இருக்கிறது. லிமிட்டர் அமுக்குவதும் அந்தக் கணத்தையே.

சோதிக்க, பிரீஅம்பை 10 இறக்கி, அம்பைக் கூட்டி, அதே இடத்தைக் கேளுங்கள். சுருதி அசையாமல் நின்று, அடி முன்னால் வந்தால் லிமிட்டர்தான் வேலை செய்துகொண்டிருந்தது. லிமிட்டர் இருப்பது தப்பில்லை. தவறிப்போய் வரும் ஒரு உச்சத்துக்கு அது காவல். பாட்டு முழுக்க அதன் மேல் சாய்ந்து ஓடக் கூடாது.

"லப்டொப்பில் நல்லா இருக்கு, போனில் போட்டால் கிழியுது"

போனில் ஈக்குவலைசர் எத்தனை இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். பிளேயருக்கு ஒன்று, போனின் சவுண்ட் அமைப்பில் ஒன்று, புளூடூத் பெட்டியில் பேஸ் கூட்டும் பட்டன் ஒன்று. மூன்றும் 6, 6 ஏற்றினால் பேஸ் 18 டெசிபல், எட்டு மடங்கு. ஒன்றை மட்டும் வைத்து மற்றதை நிறுத்துங்கள்.

"பிரீஅம்பை இறக்கினேன், இப்ப சத்தம் போதாது"

சத்தம் தரும் வேலை அம்புக்கு. முதலில் அம்பை முழுதாகக் குறையுங்கள், இதை மறக்க வேண்டாம். பிறகு பட்டியலில் மிகச் சத்தமான பாட்டைப் போட்டு, பிளேயரையும் விண்டோஸையும் கிழியாத அளவில் நிறுத்துங்கள். மிக்சரில் சிவப்பு விளக்கு எரியாமல் பாருங்கள். கடைசியாக அம்பை மெல்லக் கூட்டுங்கள். நிகழ்ச்சி முடியும்வரை சத்தம் கூட்டக் குறைக்க அந்த ஒரு திருகாணியை மட்டும் தொடுங்கள்.

டிஜிட்டலில் குறைத்தால் தரம் போய்விடும் என்று பயப்படுகிறவர்கள் உண்டு. மேலே பார்த்த சிடி எண்கள் 16 பிட். அதற்கு ஏறக்குறைய 96 டெசிபல் வீச்சு. 12 இறக்கினாலும் 84 மிச்சம். மண்டபத்தில் மின்விசிறியும் பிள்ளைகளும் போடும் சத்தத்துக்குக் கீழே அந்த இழப்பு எங்கேயோ புதைந்துவிடும். மனம் கேட்காவிட்டால் விண்டோஸின் சவுண்ட் அமைப்பில் வெளியீட்டை 24 பிட்டாக மாற்றுங்கள்.

"ஒரு நேரம் பொரியுது, ஒரு நேரம் இல்லை"

பாட்டின் இடத்தோடு சேராத பொரியல் கிளிப்பிங் அல்ல. லப்டொப் வேறு வேலையில் திணறும்போது விட்டு விட்டு வந்தால், பிளேயரின் பஃபர் நேரத்தை (பாட்டை முன்கூட்டி எடுத்து வைக்கும் அளவை) கூட்டி, மின் சேமிப்பு முறையை நிறுத்துங்கள். வயரை அசைக்கும்போது வந்தால் ஜாக்கைப் பாருங்கள். கடலோடு ஒட்டிய ஊர் நம்முடையது. உப்புவெளி, நிலாவெளிப் பக்கம் ஒரு பருவம் முழுக்க வெளியே கிடந்த 3.5 மில்லிமீற்றர் ஜாக்கின் பளபளப்பு மங்கி, பச்சை படிந்திருக்கும். அம்பைக் குறைத்துவிட்டு, செருகியபடியே நாலைந்து தடவை சுற்றுங்கள். பொரியல் குறைந்தால் காரணம் அந்த உப்புத்தான். கழற்றி, ஐசோபுரொப்பைல் அல்ககோல் தொட்ட துணியால் நுனி முதல் அடி வரை துடைத்து, காய்ந்த பின் செருகுங்கள். வேலை முடிந்ததும் வயர்களை மூடி உள்ள டப்பாவில் போட்டு வையுங்கள்.

துடைத்த பிறகும் பொரிந்தால், இப்போது அது ஒரே அடியில் வருகிறதா என்று அந்தப் பத்து நொடியை மறுபடி போட்டுக் கேளுங்கள். சில நேரம் இரண்டு பிழையும் சேர்ந்தே இருக்கும்.